அந்த எட்டு பாயின்ட் ஊருக்கு, நாலாவது குவார்ட்டர் நமக்கு: அயோவா டீமுக்கு ஒரு திறந்த மடல்

பிப்ரவரி 13, 2024

அயோவா யுனிவர்சிட்டியோட ஹாக்ஐஸ் பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கும், ஹெட் கோச் லிசா ப்ளூடர் மேடத்துக்கும், உயரமான பொண்ணுங்களை எல்லாம் தேத்தி எடுக்கற ஜேன் ஜென்சன் மேடத்துக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஞாயித்துக்கிழமை லிங்கன்ல நெப்ராஸ்காகிட்ட 82-79னு தோத்தது எனக்கு இன்னும் ஜீரணமாகல. தோத்ததுக்காக இல்ல, சீசன்ல ரெண்டு மூணு தோக்கறது எல்லா டீமுக்கும் நடக்கறதுதான், 22 ஜெயிச்சு 3 தோத்திருக்கீங்க, நாட்டுல ரெண்டாவது ரேங்க்ல இருந்துகிட்டுதான் அந்த கோர்ட்டுக்குள்ள போனீங்க, யாரும் உங்களை மோசமான டீம்னு சொல்லப் போறதில்ல. எனக்கு பிரச்சனை என்னன்னா 14 பாயின்ட் லீடு வச்சிருந்த கேம் அது. நம்ம ஸ்டார் கெய்ட்லின் கிளார்க் மூணு குவார்ட்டர்லயே 31 அடிச்சாச்சு. நாலாவது குவார்ட்டர்ல ஒரு பாயின்ட் கூட இல்ல, ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. கடைசி அரை நிமிஷத்துல நெப்ராஸ்காவோட ஜாஸ் ஷெல்லி ஒரு த்ரீ (மூணு பாயின்ட் ஷாட்) போட்டா, முடிஞ்சு போச்சு.

காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏவோட பெண்கள் பாஸ்கெட்பால்ல மொத்தமா அதிக பாயின்ட் அடிச்சது கெல்சி பிளம், அன்னிக்கு அந்த ரெக்கார்டை உடைக்க கெய்ட்லினுக்கு 39 தேவைப்பட்டுச்சு. 31 வந்துடுச்சு, மிச்சம் 8. அந்த எட்டு எப்ப வரும்னு டிவிக்காரங்க பாத்தாங்க, அரங்கத்துல இருந்த கூட்டம் பாத்துச்சு, நானும்தான் பாத்தேன், அதுல தப்பில்ல. கஷ்டம் என்னன்னா கோர்ட்டுக்குள்ள இருந்த மத்த நாலு பேரும் அதையே பாத்த மாதிரி எனக்கு தெரிஞ்சுது. அவ பந்தை எடுத்துட்டு வர்றா, ரெண்டு பேர் அவளை வளைக்கறாங்க, நம்ம ஆளுங்க ஆளுக்கொரு மூலைல நின்னுட்டாங்க. கட் பண்ணி உள்ள போறவங்க இல்ல, ஸ்க்ரீன் போட (தடுக்க வர்ற ஆளை மறிச்சு நிக்க) வர்றவங்களும் லேட்டு.

இந்த ஊர்க்காரங்களுக்கு இதை சொன்னா உடனே புரியும். அயோவால 1993 வரைக்கும் ஸ்கூல் பொண்ணுங்க ஆடினது ஆறு பேர் ஆட்டம். மூணு பேர் ஒரு பாதில, மூணு பேர் இன்னொரு பாதில, நடுக்கோட்டை தாண்டக் கூடாது, ரெண்டு தட்டுக்கு மேல பந்தை தட்டக் கூடாது, ஃபார்வர்டு மட்டும்தான் ஷாட் அடிக்கலாம், கார்டா இருந்தா வாழ்நாள் பூரா தடுக்க வேண்டியதுதான். ப்ளூடர் மேடம், நீங்களே அந்த ஆட்டத்துல வளந்தவங்க. ஜென்சன் மேடம் கடைசி வருஷம் ஹைஸ்கூல்ல ஒரு கேமுக்கு சராசரி 66 பாயின்ட் அடிச்சவங்க, 66னு நான் முதல்ல படிச்சப்ப டைப்பிங் மிஸ்டேக்னு நினைச்சேன். அந்த ஆட்டத்துல ஒருத்தி அடிக்க, மத்தவங்க தூரத்துல நின்னு பாக்கறதுதான் சட்டமே. ஞாயித்துக்கிழமை நாலாவது குவார்ட்டர்ல நான் பாத்தது கிட்டத்தட்ட அதுதான். அந்த சட்டத்தை எடுத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம்.

கெய்ட்லின் நிறைய ஷாட் அடிக்கறா, பந்தை விட மாட்டேங்கறான்னு சொல்ற ஒரு கோஷ்டி இருக்கு, நான் அந்த கோஷ்டி இல்ல. நவம்பர்ல சார்லட்ல வர்ஜினியா டெக்கை 80-76ல ஜெயிச்சப்ப 44 அடிச்சது அவதான். ஜனவரி 2ஆம் தேதி மிச்சிகன் ஸ்டேட் கேம்ல ஸ்கோர் டை, நேரம் முடியப் போகுது, கோர்ட் நடுவுல இருக்கற லோகோ பக்கத்துல இருந்து ஒண்ணு தூக்கிப் போட்டா பாருங்க, 76-73, அன்னிக்கு அவளுக்கு 40. இந்த மாசம் மேரிலாண்ட் போய் ஜெயிச்சதுலயும் 38. அவ அடிக்கறதால நாம தோக்கல. அவ அடிக்காதப்ப என்ன பண்றதுன்னு மத்தவங்க முடிவு பண்ணி வைக்காததாலதான் தோக்கறோம்.

தோத்த மூணையும் வரிசையா வச்சு பாருங்க. நவம்பர் 16, நம்ம சொந்த கோர்ட் கார்வர்லயே கான்சாஸ் ஸ்டேட்கிட்ட 65-58. கெய்ட்லின் 32 ஷாட்ல 9தான் போச்சு, த்ரீ 16ல 2. மனுஷங்களுக்கு அப்படி ஒரு ராத்திரி வரும், ஆனா அன்னிக்கு டீமே சேந்து 58 தான் அடிச்சுது, 58! பத்து நாள் கழிச்சு ஃப்ளோரிடால அதே டீமை 77-70ல ஜெயிச்சீங்கங்கறது வேற கதை. அடுத்தது ஜனவரி 21, கொலம்பஸ்ல ஒஹாயோ ஸ்டேட், ஓவர்டைம்ல 100-92. கெய்ட்லின் 45 அடிச்சும் தோல்வி, அந்தப் பக்கம் கோடி மெக்மேன் 33. (கேம் முடிஞ்சதும் கூட்டம் கோர்ட்டுக்குள்ள ஓடி வந்து ஒரு ரசிகை கெய்ட்லின் மேல மோதி அவ கீழ விழுந்தா, அதுக்கு யாரோ ஒருத்தர் பொறுப்பா பதில் சொல்லியிருக்கணும், ஆனா அது இந்த மடல்ல வேண்டாம், ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.) மூணாவது இந்த நெப்ராஸ்கா.

இப்ப நெப்ராஸ்காவுக்கு மூணு நாள் முன்னாடி நடந்ததை எடுத்துக்கங்க. பிப்ரவரி 8, பென் ஸ்டேட், 111-93. ஹன்னா ஸ்டூல்கி 47 பாயின்ட். 20 ஷாட் போட்டு 17 உள்ள. முன்னாடி இங்க ஆடின மேகன் குஸ்டாஃப்சனோட 48ங்கற நம்ம யுனிவர்சிட்டி ரெக்கார்டுக்கு ஒண்ணே ஒண்ணு கம்மி. அன்னிக்கு கெய்ட்லினுக்கு 27 தான், ஆனா 15 அசிஸ்ட். பென் ஸ்டேட் முழு கோர்ட்லயும் வந்து மேல விழுந்து பிடிக்கற டீம், அதனால பின்னாடி இடம் காலியா கிடந்துச்சு, ஹன்னா ஓடினா, பந்து வந்துச்சு, லே-அப், திரும்ப ஓடினா, திரும்ப லே-அப், இதுக்கு மேல அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. அவ எங்க சீடர் ராப்பிட்ஸ் பொண்ணு, அதனால எனக்கு கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும்னு நீங்க நினைச்சா நினைச்சுக்கோங்க. ஆனா 47 அடிச்ச ஒரு பொண்ணு அடுத்த கேம்லயே கடைசி அஞ்சு நிமிஷத்துல பந்துக்காக கை தூக்கிட்டு நிக்கறதை பாத்தா சீடர் ராப்பிட்ஸ்காரனா இல்லாதவனுக்கும் வலிக்கும்.

எல்லா டீமும் பென் ஸ்டேட் மாதிரி இடம் குடுக்க மாட்டாங்க, அதுவும் தெரியும். பாதி கோர்ட்ல செட் ஆகி நிக்கற டிஃபன்ஸ்ல ஹன்னா இன்னும் மோனிகா சினானோ ஆகல. மோனிகா இருந்த வரைக்கும் கெய்ட்லின் கண்ணை மூடிட்டு உள்ள தள்ளினா கூட அவ முதுகைக் குடுத்து பிடிச்சு ஒரு திரும்பு திரும்பி போட்டுடுவா, போன வருஷம் தோக்காம 42 கேம் ஜெயிச்சு வந்த சவுத் கரோலினாவை செமிஃபைனல்ல 77-73ல நிறுத்தி, எல்எஸ்யூகிட்ட ஃபைனல் வரைக்கும் போனதுல அந்த ஜோடிக்கு பெரிய பங்கு. அவளும் போய்ட்டா, மெக்கென்னா வார்னக்கும் போய்ட்டா, அந்த ரெண்டு ஓட்டையையும் அடைச்சுட்டே 22 ஜெயிச்சிருக்கீங்கன்னா அது சாதாரண விஷயம் இல்ல. ஆனா ஹன்னாவோட வேலை மோனிகா வேலை இல்ல, அவ ஓடற ஆள், நகந்துட்டே பந்தை வாங்கற ஆள். நாலாவது குவார்ட்டர்ல நாம ஆட்டத்தை மெதுவாக்கினா முதல்ல அடிபடறது அவதான். லீடு இருக்குன்னு கடிகாரத்தை ஓட்டறோம், இருபது செகண்ட் கெய்ட்லின் பந்தை தட்டிட்டு நிக்கறா, கடைசில முப்பது அடில இருந்து ஒண்ணு. போனா உலகமே ஆடும், போகலன்னா அந்தப் பக்கம் ஓட்டம் ஆரம்பிக்கும்.

கேட் மார்ட்டின் பத்தியும் சொல்லணும். ஆறாவது வருஷம் ஆடற பொண்ணு, ரீபவுண்ட், டிஃபன்ஸ், சின்ன பசங்களை அதட்டறது எல்லாம் அவதான், ஆனா கூட்டத்துல அவ ஜெர்சி நம்பர் என்னன்னு கேட்டா பாதி பேர் முழிப்பாங்க. இருபது. இந்த டீம்ல நெருக்கடில கை நடுங்காதவங்க ரெண்டு பேர்னா ரெண்டாவது அவ. கெய்ட்லினை ரெண்டு பேர் வளைச்சா அந்த அடுத்த பாஸ் கேட்கிட்ட போகணும், அவ எங்க நிக்கணும்னு முன்னாடியே முடிவாயிருக்கணும். கேபி மார்ஷலும் மோலி டேவிஸும் மூலைல இருந்து ஓபன் த்ரீயை யோசிக்காம போடணும். சிட்னி ஆஃபோல்டரை இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க மேடம், அந்தப் பொண்ணு உள்ள வந்தா ரீபவுண்டுக்காவது ஒரு சண்டை நடக்குது.

சரி, இனிமே என்ன. நாம ஆடற கான்ஃபரன்ஸான (லீக் மாதிரி) பிக் டென்ல 11 ஜெயிச்சு 2 தோத்திருக்கோம், அஞ்சு கேம் பாக்கி. நாளன்னிக்கு, 15ஆம் தேதி வியாழக்கிழமை, கார்வர்-ஹாக்ஐ அரீனால மிச்சிகன். கெல்சி பிளம்மோட 3,527ஐ தாண்ட அதே எட்டுதான் வேணும், முதல் குவார்ட்டர்லயே வந்துடும்னு நான் நினைக்கறேன். வெளில டிக்கெட் நூத்துக்கணக்கான டாலருக்கு போகுது, சீசன் டிக்கெட்டே வரலாத்துல முதல் தடவையா முழுசா வித்துப் போன வருஷம் இது, அதனால என்னை மாதிரி ஆளுங்களுக்கு பீகாக் ஸ்ட்ரீமிங் ஆப்தான். ஆட்டத்தை நிறுத்தி கொண்டாடுங்க, நல்லா கொண்டாடுங்க. ஆனா அதுக்கப்புறமும் முப்பது நிமிஷம் பாக்கி இருக்கும், வந்திருக்கறது மிச்சிகன், பிக் டென்ல ஒஹாயோ ஸ்டேட்டை இதுவரைக்கும் தோக்கடிச்ச ஒரே டீம் அவங்கதான், அதை மறந்துடாதீங்க.

ரெக்கார்டுன்னு பேசும்போது ஒரு சின்ன ஆதங்கம். எல்லாரும் பிளம் பிளம்னு சொல்றாங்க, ஆனா கான்சாஸ்ல லினெட் வுடார்ட் 1981லயே 3,649ல முடிச்சுட்டாங்க. அப்ப பொண்ணுங்க விளையாட்டை நடத்தினது என்சிஏஏ இல்ல, அதனால அவங்க புக்ல அது கிடையாது. த்ரீ பாயின்ட் கோடே இல்லாத காலம் அது, இப்ப ஆடறதை விட பெரிய பந்து. வியாழக்கிழமை மைக்கை கைல குடுத்தாங்கன்னா கெய்ட்லின், வுடார்ட் பேரை ஒரு தடவை சொல்லிடும்மா. அந்த 3,649க்கும் அதுக்கு மேல ஆம்பளைங்க ரெக்கார்டான பீட் மராவிச்சோட 3,667க்கும் இந்த அஞ்சு கேமுக்குள்ளயே நீ போய்டுவே, என் கணக்குப்படி மராவிச் கடைசி கேம்லதான் வருவார்.

நான் பயப்படற கேம் 22ஆம் தேதி இந்தியானா. இங்க ஜனவரில அவங்களை 84-57ல அடிச்சோம், அதை வச்சு எடை போடாதீங்க, ப்ளூமிங்டன் வேற ஊர், அசெம்பிளி ஹால் வேற கோர்ட், போன வருஷம் அங்க போய் 87-78ல வாங்கிட்டுதான் வந்தோம். மெக்கென்சி ஹோம்ஸ் உள்ள பந்து வாங்கினா ஹன்னாவுக்கு சீக்கிரம் ஃபவுல் விழும், அந்த நேரத்துக்கு பெஞ்ச்ல இருந்து யார் வரணும், அடி ஓகிரேடியா, ஷாரன் குட்மேனா, இன்னிக்கே முடிவு பண்ணிடுங்க ஜென்சன் மேடம். 25 இல்லினாய் நம்ம ஊர்ல, 28 மின்னசோட்டா அவங்க ஊர்ல, இது ரெண்டும் ஒழுங்கா ஆடினா நம்மளுதுதான்.

மார்ச் 3 ஞாயித்துக்கிழமை ஒஹாயோ ஸ்டேட், நம்ம கோர்ட், சீனியர் டே (கடைசி வருஷப் பொண்ணுங்களுக்கு விடை குடுக்கற நாள்). கான்ஃபரன்ஸ்ல இப்ப முதலிடம் அவங்கதான், ஒண்ணே ஒண்ணுதான் தோத்திருக்காங்க. கெவின் மெக்கஃப் ஆளுங்க முழு கோர்ட்லயும் பிரெஸ் பண்ணுவாங்க, ஜேசி ஷெல்டன் கெய்ட்லினை மூச்சு விட விடமாட்டா. அந்த பிரெஸ்ஸை உடைச்சா பென் ஸ்டேட் கேம் மாதிரியே பின்னாடி காலி இடம்தான், ஹன்னா ஓடறதுக்குன்னே போட்ட ரோடு அது. கொலம்பஸ்ல நாம அதை பண்ணல, பந்தை அவசரமா தூக்கிப் போட்டு டர்ன்ஓவரா குடுத்தோம். இந்த தடவை ஒருத்தியே பந்தை எடுத்துட்டு வராம கேட்டும் மோலியும் சேந்து கொண்டு வரட்டும், கெய்ட்லின் ஒரு தடவையாவது பந்து இல்லாம முன்னாடி ஓடட்டும், ஷெல்டன் யாரை பிடிக்கறதுன்னு குழம்பட்டும்.

அப்புறம் மார்ச் 6ல இருந்து மின்னியாபொலிஸ்ல பிக் டென் டோர்னமென்ட், ரெண்டு வருஷமா அந்த கப் நம்மகிட்டதான். அடுத்த வருஷமும் இருப்பியா, இல்ல புரொஃபஷனல் லீக்கான டபிள்யூஎன்பிஏல டீமுங்க ஆள் எடுக்கற டிராஃப்டுக்கு போவியான்னு கெய்ட்லின் இன்னும் வாய் திறக்கல, முதல் ஆளா யாரையும் எடுக்கற சான்ஸ் வச்சிருக்கற இந்தியானா ஃபீவர் அங்க காத்துட்டிருக்கு. கேட்டுக்கும் கேபிக்கும் எப்படியும் இதுதான் கடைசி வருஷம். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதிட்டேன், இல்லன்னா ஒரு தோல்விக்கு ரெண்டு வரில புலம்பிட்டு தூங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை அந்த எட்டு முடிஞ்ச அப்புறம் வர்ற முதல் பொசஷன் ஹன்னாவுக்கு குடுங்க.

இப்படிக்கு,
சீடர் ராப்பிட்ஸ்ல இருந்து ஒரு ஹாக்ஐ ரசிகன்