அணைக்கட்டுக் குழந்தை பற்றிக் கயலுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கயலுக்கு,

மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், தனக்குப் பிறக்கப்போகும் மூன்றாவது குழந்தையை உங்களுக்கே தந்துவிடுவதாகச் சொன்னதை எழுதியிருந்தாய். "பத்திரம் எழுதிக்கலாம், இல்லாட்டி ஆஸ்பத்திரியிலேயே உங்க பேர்ல பதிஞ்சிடலாம்" என்று அணைக்கட்டில் பேச்சு ஓடுவதும் எங்கள் காதுக்கு வந்தது. அவர்கள் மனசு நல்ல மனசு. ஆனால் இந்த இரண்டு வழியிலும் குழந்தை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து சேராது. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து படி.

ஆஸ்பத்திரிப் பேச்சை முதலில் விடு. தமிழ்நாட்டில் கர்ப்பிணி கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்ததுமே 12 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. பிறப்புச் சான்றிதழ் அந்த எண்ணோடு கட்டுண்டு வருகிறது. சோதனை, ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் பெற்றவள் பேரில் இருக்க, பிரசவம் மட்டும் உன் பேரில் எப்படி இருக்கும்? பிறப்புப் பதிவில் பொய்த் தகவல் கொடுப்பதே குற்றம். அதில் பணமும் கைமாறினால் குழந்தை விற்பனை ஆகிவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். உடந்தையான ஆஸ்பத்திரி ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு. இதற்கெல்லாம் மேலே, தூதரகம் மரபணுச் சோதனை கேட்டால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்போது அல்லல்படப்போவது கைக்குழந்தை.

பத்திரம் அப்படியல்ல, அதற்குச் சட்டம் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி பெற்றோர் இருவரும் சம்மதித்து, 15 வயது நிரம்பாத பிள்ளையைக் கையில் கொடுத்து, நீங்கள் வாங்கிக்கொண்டால் தத்து செல்லும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரம் இருந்தால் தத்து முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவிலேயே வாழ்கிற குடும்பத்துக்கு இது போதும். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைக்குப் போதாது. பத்திர எழுத்தர் இதைச் சொல்லமாட்டார். பத்திரத்தோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது.

நாடுவிட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. ஜெர்மனியும் அதில் இருக்கிற நாடு. ஆகவே 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இந்துச் சட்டத்தில் எடுத்த தத்தாக இருந்தாலும் கலெக்டர் விசாரித்துச் சரிபார்க்க வேண்டும், பிள்ளை வந்து வாழலாம் என்று நீங்கள் இருக்கும் நாட்டின் அதிகாரிகள் ஒப்புதல் தர வேண்டும், அதன்பிறகு டெல்லியில் உள்ள காரா, அதாவது தத்தெடுப்புக்கான மத்திய ஆணையம், தடையின்மைச் சான்று கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் 2021 ஏப்ரல் 1 முதல், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் துணையில்லாமல் வெளிநாட்டில் எடுக்கும் தத்துக்குத் தடை. மீறி எடுத்ததை அந்த ஊர் நீதிமன்றம் பொதுவாக ஏற்காது, குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று மெய்ப்பித்தால் ஒழிய. பத்திரம் கையில், குழந்தை எங்கள் வீட்டில், நீங்கள் அங்கே. மூன்று வயதுவரை இப்படி இழுத்தால், அந்தப் பிள்ளை யாரை அம்மா என்று அழைக்கும்?

இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்து என்று தனி வழி இருக்கிறதே என்று மாப்பிள்ளை கேட்பார். இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் குழந்தையின் பெற்றோருடன் பிறந்தவர்களையும், தாத்தா பாட்டிகளையும் மட்டுமே உறவினர் என்கிறது. நம் வழக்கத்தில் மாப்பிள்ளை அந்தக் குழந்தைக்குப் பெரியப்பா முறை. சட்டத்தின் கணக்கில் சித்தப்பா மகனுடைய பிள்ளை வராது. அவருடைய கூடப்பிறந்த தம்பியின் பிள்ளையாக இருந்திருந்தால் இந்த வழியில் நாங்களே ஓடியாடி முடித்திருப்போம்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தால்தான் செல்லும் என்று ஹேக் உடன்படிக்கையே சொல்கிறது. பெற்றவள் முகம் பார்த்தபின் மனசு மாறினால் அது அவள் உரிமை. உண்மையிலேயே வளர்க்க வழியில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். அதற்குப் பிறகும் 60 நாள் யோசிக்க அவகாசம் உண்டு. ஆனால் அப்படி ஒப்படைத்த பிள்ளை வரிசையில் காத்திருக்கும் யாருக்கோ போகும். உங்களுக்கென்று ஒதுக்கச் சொல்ல முடியாது.

ஆகவே நேர்வழியில் வா. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை இங்கே வசிக்கிற தம்பதிகளுக்குச் சமமாகவே உங்களுக்கும் வரிசை. எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளூர்க்காரர்களாகப் பதியலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நீங்கள் வசிக்கிற வீட்டைப் பார்த்துத்தான் வீட்டு ஆய்வு அறிக்கை எழுதுவார்கள். அங்குள்ள யூகென்ட்ஆம்ட் என்கிற இளைஞர் நல அலுவலகத்தில் போய், காரா அங்கீகரித்த அமைப்பு எது என்று கேள். உங்கள் பதிவும் ஆய்வும் அதன் வழியாகவே நடக்கும்.

தள்ளிப்போடாதே, வயதுக் கணக்கு இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக்கூடாது. 2 முதல் 4 வயதுக்கு 90, 4 முதல் 8க்கு 100, அதற்கு மேலே 110. உனக்கு 39, மாப்பிள்ளைக்கு 43. கூட்டினால் 82, வருடத்துக்கு இரண்டு ஏறும். பதிவு செய்த நாளின் வயதைத்தான் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்கு வரிசை மிக நீளம், ஆண்டுக்கணக்கில் போகும். நான்கைந்து வயதுப் பிள்ளை, அண்ணன் தங்கையாக இரண்டு பேர், உடல்நலத்தில் கவனிப்பு தேவைப்படுகிற பிள்ளை, இவர்களுக்குத்தான் வீடு கிடைப்பதில்லை. இதை நீங்கள் யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கும் அதே.

பிள்ளையின் விவரம் வந்தால் முடிவெடுக்க நேரம் குறைவு. இங்கிருப்பவர்களுக்கு ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம்தான். ஆகவே மருத்துவ அறிக்கையைப் பார்த்துச் சொல்ல ஒரு குழந்தை மருத்துவரை இப்போதே பேசிவை. எடை, உயரம் மட்டும் பார்த்தால் போதாது. தலைச்சுற்றளவு மாதாமாதம் எப்படி ஏறியது, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி சோதனை எப்போது எடுத்தது, சமீபத்திய வீடியோ இருக்கிறதா என்று கேட்கச் சொல்.

2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, கலெக்டர். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. குழந்தை இருக்கும் நிறுவனம் எந்த மாவட்டமோ அந்த மாவட்டக் கலெக்டர். 2019இல் நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் குடியாத்தம் வேலூரில், ஆற்காடு ராணிப்பேட்டையில், ஆம்பூர் திருப்பத்தூரில். மாற்றிக் கொடுத்த மனு திரும்பி வரும். ஆணை வந்தபின் உங்கள் பேரோடு பிறப்புச் சான்றிதழ், பிறகு பாஸ்போர்ட். அங்கே போனபின் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பவேண்டும். கட்டணத்தை வங்கி வழியாக மட்டும் செலுத்து, ரசீது வாங்கு. நன்கொடை என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதே.

அணைக்கட்டுக்கு நீ எதுவும் சொல்லவேண்டாம். பிரசவத்துக்கு முன்னால் அம்மாவும் நானும் நேரில் போய், மனம் நோகாமல் பேசிவிட்டு வருகிறோம். அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது பிள்ளையை வளர்க்க உதவி தேவை என்றால் அதை வேறு விதமாகச் செய்வோம். நீ கல்யாணப் பதிவுச் சான்று, இருவர் பிறப்புச் சான்று, மூன்று வருட வருமானவரிக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வை. இங்கிருந்து வேண்டிய நகல் எது என்று எழுது, வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா