ஓரத்தில் 1.8 மீட்டர்: கிழக்குக் கடற்கரைச் சாலை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அந்தச் சாலையில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவல் அதிகாரிகளுக்கும், அதன் ஓரத்தில் ஓட்டப் பயிற்சி செய்கிற எங்களின் வணக்கம்.

கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே சாலையோரம் மறுபடியும் தோண்டப்பட்டு, வெறும் மண்ணைத் தள்ளி மூடப்பட்டிருக்கிறது. தோண்டியது எந்தத் துறை என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. குழாயோ கேபிளோ பதித்த பள்ளத்தை 20 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக மண் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நீர் தெளித்து இறுக்கித்தான் மூட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே வீச்சில் கொட்டிய மண் முதல் மழைக்கே அமுங்கிவிடும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு கை அகலத்துக்குப் படி விழும். இருட்டில் அந்தப் படியில் பாதி கால் வைத்தால் கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கும். கார் ஓட்டுகிறவருக்கு இது கண்ணில்கூடப் படாத குறை. காலால் போகிறவருக்கோ மொத்தச் சாலையே அந்த ஓரம்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை, சாலையின் இரு ஓரமும், 1.8 மீட்டர் அகலத்தில், தொடர்ச்சியாக, மட்டமாக, வண்டி ஏற முடியாத ஒரு பாதை வேண்டும். அந்த அளவு நாங்கள் கற்பனை செய்தது அல்ல. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் (ஐ.ஆர்.சி.) 103-ஆம் எண் வழிகாட்டு நெறி நடைபாதைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது.

சென்னையில் மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு இந்தப் பகுதி எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கோவளம் சந்திப்பில் தொடங்கி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் நீர்ப்பரப்பைக் கடந்து கேளம்பாக்கம். அங்கிருந்து தெற்கே திருப்போரூர். திருப்போரூரிலிருந்து உப்பளங்களையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டி நெம்மேலி. பிறகு கடலை ஒட்டி வடக்கே திரும்பினால் மறுபடி கோவளம். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக ஒரு முழு வட்டம். வார இறுதி லாங் ரன்னுக்கு வேண்டிய தூரம் அப்படியே கிடைக்கிறது. பனிக்காலத்தில் கேளம்பாக்கம் பக்கம் பூநாரைகள் நிற்கும். இடையில் சவுக்குத் தோப்பு, உப்புப் பாத்தி, கோயில் குளம். நகரத்துக்கு இவ்வளவு அருகே இப்படியொரு வட்டம் வாய்த்திருப்பது பெரிய கொடை. அதைக் கெடுப்பது கடைசித் துண்டான நெம்மேலி–கோவளம் சாலை.

காரணத்தை விளக்குகிறோம். நடைபாதை இல்லாத சாலையில் வாகனங்களை எதிர்நோக்கி வலது ஓரமாகப் போக வேண்டும் என்பது பள்ளியிலேயே சொல்லித் தரும் விதி. அது சரியான விதியும்கூட. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓடுகிறவரின் வேகத்தையும் சேர்த்தால் 100 மீட்டர் தொலைவில் தெரியும் கார் நான்கே நொடியில் பக்கத்தில் வந்துவிடும். எதிரே வந்தால் அந்த நான்கு நொடியாவது நம் கையில் இருக்கும், ஒதுங்கிக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் வந்தால் அதுவும் இல்லை.

ஆனால் இது சென்டர் மீடியன் போட்ட நான்கு வழிச் சாலை. யூ-டர்ன் இடைவெளிகள் தள்ளித் தள்ளி இருப்பதால், பக்கத்து ஊருக்குப் போகிற இருசக்கர வண்டிகள் அடுத்த இடைவெளி வரை ராங் சைடிலேயே, அதுவும் ஓரமாகவே வருகின்றன. அந்த ஓரத்தில்தான் நாங்கள் விதிப்படி ஓடிக்கொண்டிருக்கிறோம். ஆக, எதிரே வேகமான கார், பின்னால் முகப்பு விளக்குப் போடாத வண்டி, ஒரு பக்கம் அமுங்கிய மண். கடற்காற்று காதில் இரைவதால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கடைசி நேரத்தில்தான் கேட்கும். எந்தப் பக்கம் ஒதுங்குவது? இந்த ஒரு கேள்விக்கு உங்களிடம் விடை இருந்தால் மற்ற குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்வோம்.

வண்டியோட்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மீன் கூடையை வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் சுற்றிவரச் சொன்னால் யாரும் குறுக்கு வழிதான் தேடுவார்கள். எதிர்த்திசையில் ஓட்டுவது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல். அபராதம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அபராதம் மட்டும் போட்டால் ரசீது மிஞ்சும், பாதை வராது. ஓரத்தில் 15 சென்டிமீட்டர் உயர விளிம்புக்கல்லோடு நடைபாதை வந்தால் வண்டி தானாகவே அதில் ஏறாது.

திசையை மாற்றி ஓடிப் பாருங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். மாற்றினாலும் சிக்கல்தான். கடற்கரைச் சாலையை முதலில் எடுத்துக்கொண்டால் அங்கே இருட்டில் ஓட வேண்டும். ஜனவரியில் சூரியன் எழ 6.30 மணி ஆகிவிடும். நடுவில் இருக்கும் விளக்கு தார்ச் சாலைக்கு வெளிச்சம் தருமே தவிர மண் ஓரத்துக்கு எட்டாது. எதிரே வருகிறவர்கள் ஹைபீமை இறக்காதபோது தரையே தெரியாது. கடற்கரைச் சாலையைக் கடைசியில் வைத்துக்கொண்டால் விடிந்திருக்கும், ஆனால் கால் ஓய்ந்திருக்கும். அதே நேரத்தில்தான் சென்னையிலிருந்து காலைச் சிற்றுண்டிக்கும் வேகப் பந்தயத்துக்கும் கிளம்பிய கார்களும் பைக்குகளும் எதிரே வரத் தொடங்கும்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு வலி, சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகத் தார்ச் சாலை வெளிப்பக்கம் இரண்டு, இரண்டரை சதவீதம் சாய்த்துப் போடப்படுகிறது. மண் ஓரம் அதைவிட அதிகமாகச் சாய்ந்திருக்கும். எதிர்நோக்கி ஓடுகிறவருக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வலது கால்தான் பள்ளத்தில் விழும். திரும்பி வந்தால் சமமாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று முப்பது கிலோமீட்டர் ஓடினால் மூன்று மணி நேரம், நிமிடத்துக்கு 170 காலடி, மொத்தம் முப்பதாயிரம் காலடிக்கு மேல். அதில் பாதி, ஒரே பக்கம் சாய்ந்த தரையில் ஒரே காலில் விழுகிறது. முழங்காலின் வெளிப்புறத்தில் வரும் வலியோடு பிசியோதெரபிஸ்ட்டிடம் போகிறவர்களில் பலர் ஓடும் இடத்தைக் கேட்டால் காரணம் விளங்கும். மட்டமான பாதை என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பங்களா வாசலுக்கு வாசல் சரிவு வைத்து, இறங்கி ஏறி, நடுவே மின்கம்பமும் விளம்பரப் பலகையும் நட்ட பேவர் பிளாக் வரிசை எங்களுக்குப் பயன்படாது. வாசல் வரும் இடத்தில் பாதை தன் உயரத்திலேயே போகட்டும், காருக்கான சரிவு வெளி விளிம்பில் இருக்கட்டும்.

"மணலில் ஓடலாமே" என்ற யோசனையும் வருகிறது. நம் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் ஓடுவதற்கு ஏற்ற, இறுகிய அகலமான ஈரமணல் கிடைப்பதில்லை. கரை செங்குத்தாகச் சரிகிறது, நடுநடுவே கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைக் கட்டுகள் வழியை அடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக அது மீனவர்கள் படகு ஏற்றி வலை உலர்த்தும் தொழிலிடம். ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிட ஏறிவரும் இடமும் அதுதான். நாங்கள் கேட்கும் பாதைக்கு விளக்கு போடும்போதும் அதைச் சாலைப் பக்கம் மட்டும் விழும்படி மூடி போட்டு வையுங்கள், கடல் பக்கம் வெளிச்சம் போகவே கூடாது.

மைதானத்தில் ஓடச் சொல்கிறவர்களுக்கு: 400 மீட்டர் தடத்தில் 30 கிலோமீட்டர் என்றால் 75 சுற்று, அத்தனையும் இடப்பக்கத் திருப்பம். உடல் நலத்துக்காக எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதைகளை 2023-இல் அரசே அறிவித்துத் தொடங்கி வைத்தது. நடக்கச் சொல்கிற அரசின் சாலையில் நடக்க இடம் இல்லாமல் இருப்பது எந்த வகையில் நியாயம்? பாதுகாப்பான நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு முறை சாலை அகலமாகும்போதும் வாகனத்துக்கு ஒரு தடம் கூடுகிறது, மனிதனுக்கு ஓரம் குறைகிறது. இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது.

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இது ஓடுகிறவர்களுக்கு மட்டுமான பாதையும் இல்லை. ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்து இதே ஓரத்தில் நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிறுத்தம் வரை கூடையோடு நடக்கும் மீன்காரம்மாக்களும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருவதில்லை.

முழுப் பாதையும் ஒரு நாளில் வராது என்பது எங்களுக்குத் தெரியும். அதுவரை மூன்றே காரியம் செய்யுங்கள். தோண்டிய ஓரத்தை மறுபடி திறந்து, அடுக்கடுக்காக இறுக்கி, தார் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நெம்மேலி முதல் கோவளம் வரை ஞாயிறு காலை 4.30 முதல் 7.30 வரை கடலோரப் பக்கத்தின் வெளித் தடத்தைக் கூம்புகள் வைத்துப் பிரித்துவிடுங்கள். தெருவிளக்குகள் நன்றாக விடிந்த பிறகு அணையட்டும். அதன்பின், அக்கரை முதல் மாமல்லபுரம் வரை 1.8 மீட்டர் நடைபாதைக்கான மதிப்பீட்டை எந்த மாதத்துக்குள் தயாரிப்பீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

அளவெடுக்க வருவதானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நெம்மேலி சந்திப்புக்கு வாருங்கள். அளவு நாடாவும் மட்டப்பலகையும் நாங்கள் கொண்டுவருகிறோம். கோவளம் வரை கூடவே நடந்து, படி விழுந்த இடம், கம்பம் மறிக்கும் இடம், ராங் சைடு வண்டி இறங்கும் இடம் ஒவ்வொன்றையும் காட்டுகிறோம். தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்கள்