ஆஷ் மரத்து வீக்கமும் நம் வயல் ஆனைக்கொம்பனும்

அன்பு கயல்,

நீ அனுப்பிய படத்தை நேற்று மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். உன் வீட்டுப் பின்னால் நிற்கிற ஆஷ் மரத்து இலையில், நடு நரம்போடு ஒட்டி வெண்டைப் பிஞ்சு கணக்காய் வீங்கியிருக்கிறது. மேல் பக்கம் ஒரு பிளவு, உள்ளே புழு. "மரம் செத்துடுமாம்மா?" என்று கேட்டிருந்தாய். நம் ஊர் வேளாண் உதவி அலுவலரிடம் காட்டினேன். "நம்ம ஆனைக்கொம்பன் வகையறாதான் அக்கா" என்றார்.

நெல்லைத் தாக்கும் அந்த ஆனைக்கொம்பன் ஈயை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ஒன்பதாவது படிக்கையில் தாளடி நெல்லில் வந்ததே. ஐப்பசி முழுக்க மூட்டம், தூறல். போதாததற்குக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு யூரியாவைக் கூடுதலாகப் போட்டிருந்தோம். களை எடுக்கும்போது பார்த்தால் தூருக்குத் தூர் வெங்காயத்தாள் மாதிரி குழலாய், வெளிறிப்போய் நிற்கிறது. ஒன்றை நகத்தால் கீறினேன். அடியில் செக்கச் சிவந்த ஒரு புழு. பக்கத்துக் குழலின் நுனியில் பொத்தல். ஈ வெளியேறிய கூட்டுத்தோல் அதிலேயே தொங்கியது. கொசு அளவுதான் அந்த ஈ. புழு குருத்துக்குள் இறங்கி, பயிரையே தனக்கு வீடு கட்ட வைத்துவிடுகிறது. குழலான தூரில் கதிர் வராது, கண்ணு. அதுதான் நெல்லுக்கு வந்த கேடு.

உன் மரத்துக்கு அப்படியில்லை. இலை வீங்கும், உதிரும். புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். அடுத்த வசந்தத்தில் மரம் புது இலை விடும். ஆகவே மருந்து அடிக்காதே.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தத் தாளடியில் குழலையெல்லாம் பிடுங்கிக் கட்டுக்கட்டாய் வரப்பில் போட்டுக் கொளுத்தினேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் புழுக்களுக்குள்ளேயே அவற்றைத் தின்று வளரும் குளவிகள் உண்டு என்று. பிளாட்டிகேஸ்டர் என்று பெயர். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஒரு புழுவிலிருந்து பல குளவிகள் வருமாம். குளவி புகுந்த குழல்களைச் சேகரித்து, நட்ட 10 நாளில் 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கச் சொல்கிறார்கள். நான் எரித்ததில் எத்தனை குளவி வெந்ததோ! இன்றைக்கும் நெஞ்சு உறுத்துகிறது.

நீ பார்க்க வேண்டியது வேறு. 2012-இல் உங்கள் பிரிட்டன் பக்கம் தெரியவந்த பூஞ்சை நோய்தான் ஆஷ் மரங்களைக் கொல்கிறதாம். இலை வாடிக் கறுக்கும். கிளை பிரியும் இடத்தில் பட்டை சாய்சதுரமாக நிறம் மாறி உள்வாங்கும். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

இங்கே குறுவை தூர் கட்டுகிறது. இந்தத் தடவை யூரியாவை மூன்றாய்ப் பிரித்துத்தான் போடுகிறேன்.

அம்மா