மண்ணை எடுத்துச் சோதித்துவிட்டு அப்புறம் முடிவு சொல்லுங்கள்

அங்ககச் சான்று (இயற்கை விவசாயச் சான்று) கோப்புகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் எங்கள் மூன்று காணிக் (ஏறக்குறைய நான்கு ஏக்கர்) கழனியின் கோப்பு உங்கள் மேசையிலேயே இருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் வெள்ளத்தை வைத்து, வெளிநீர் புகுந்த நிலம் என்பதால் மாற்றுக்காலம், அதாவது ரசாயனத்தை விட்ட நிலம் சான்று பெறுவதற்கு முன் காத்திருக்க வேண்டிய காலம், மறுபடியும் முதலாம் ஆண்டிலிருந்து கணக்கிடப்படும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கீழே கையெழுத்து, முத்திரை. அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் உங்களில் யாராவது எங்கள் கழனிக்கு வந்து ஒரு பிடி மண் எடுத்தீர்களா? வந்திருந்தால் எங்களுக்குத் தெரியாமல் போகாது, வீட்டு வாசலைத் தாண்டித்தான் கழனிக்கு வழி.

கடிதம் வருவதற்குச் சில நாள் முன்னால்தான் வேளாண் கண்காட்சியில் எங்கள் தூயமல்லி என்ற பாரம்பரிய ரக அரிசியை முன்வரிசையில் வைத்தார்கள். அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். ரசாயனம் படாத மண்ணில் விளைந்த அரிசி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர்களும் அந்த மேடையில்தான் இருந்தார்கள், கைதட்டினார்கள். அந்த அரிசி வெள்ளத்துக்கு அப்புறம் அதே கழனியில் விளைந்தது. மேடையில் நல்ல அரிசியாக இருந்தது எப்படி ஒரு சில நாளில் சந்தேகத்துக்குரிய நிலத்தின் விளைச்சலாக ஆனது என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் சந்தேகமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி வரை திறந்துவிட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்கெனவே நிரம்பி ஓடிய ஆறு கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது. மேலே எத்தனையோ ஊர்க் கரும்புக் கொல்லைகளில் அடித்த களைக்கொல்லி அந்தத் தண்ணீரில் கரைந்து வந்திருக்கலாம், உரம் வந்திருக்கலாம். எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் தண்ணீர் புகுந்ததை நாங்களே உங்களுக்கு எழுதித் தெரிவித்தோம், பண்ணைப் பதிவேட்டிலும் தேதி போட்டு எழுதி வைத்தோம். மறைக்க நினைத்திருந்தால் உங்களுக்கு இது தெரிந்திருக்கவே போவதில்லை. எழுதியபோது நாங்கள் கேட்டது ஒன்றுதான்: மண்ணை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். அதற்கு எந்தப் பதிலும் வரவில்லை. வருஷாந்திர ஆய்வும் தள்ளிப்போனது. ஒரு முழு சம்பா விளைந்து, அறுத்து, அடித்து, மூட்டை கட்டி முடித்த பிறகு இந்த ஒரு வரி வருகிறது.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் கழனியில் என்ன நடந்தது என்பது கோப்பில் இருக்காது. தண்ணீர் வடிந்தபோது பயிர் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது, மேட்டுப்பக்கம் கணுக்கால் அளவு, ஆற்றுப்பக்கம் முழங்கால் அளவு. வரப்பு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை, மோட்டார் கொட்டகையை வைத்துத்தான் எல்லை கண்டுபிடித்தோம். பொக்லைன் வைத்து வழித்துவிடலாம், ரெண்டு நாள் வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பொக்லைன் வாய் மணலோடு சேர்த்து மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போய்விடும், வருஷக்கணக்கில் சாணமும் தழையும் போட்டு வளர்த்த மண் அது. அதனால் மண்வெட்டியால் மணலை மட்டும் வழித்து, அன்னக்கூடையில் அள்ளி, தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டினோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான், முடிந்தபோது பக்கத்து வீட்டு அக்காவும். மணல் முடிந்து கறுப்பு மண் தொடங்கும் இடத்தில் அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால்தான் வழிப்பார். பொங்கல் வந்ததும் போனதும் எங்களுக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

அப்புறம் மண்ணுக்கு உரமாகப் பலதானியம் விதைத்து மடக்கி உழுதோம், அதற்கு மேல் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து அதையும் பூவெடுக்கும் பருவத்தில் மடக்கினோம். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், கால் கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணீர் என்று இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த அமுதக் கரைசலை ஒவ்வொரு தண்ணீர்ப் பாய்ச்சலோடும் விட்டோம். விதைநெல் தப்பியது எங்கள் ஆயாவால். தண்ணீர் வாசலுக்கு வந்தபோது அவர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை, விதைநெல்லை வைக்கோலில் கட்டி வைத்திருந்த விதைக்கோட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னார். நாற்று நட்டு இரண்டாம் களை எடுக்கும்போது வரப்போரம் மண்புழு எச்சம் குவியல் குவியலாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அப்பா ஒருவழியாக நிம்மதியானார். இது ஆய்வுக்கூடச் சான்று ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்புங்கள் என்று கேட்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது.

முதலாம் ஆண்டுக்குத் திரும்பிப் போவது வெறும் தேதிக் கணக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நெல் மாதிரி ஒருபோகப் பயிருக்கு மாற்றுக்காலம் இரண்டு வருஷம். அது முடியும் வரை கடையில் விற்கும் பாக்கெட்டில் இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போட முடியாது, இயற்கை விளைச்சல் என்று எழுதவும் முடியாது. வீட்டு வாசலில் நேராக வந்து வாங்குகிறவர்களிடம் சொல்லி விற்கலாம், அதற்குச் சிறு விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் எத்தனை பேர் வாசலுக்கு வருவார்கள்? புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் எங்கள் அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார், சான்று வந்ததும் அனுப்புங்கள் என்றார். அவருக்கு இப்போது என்ன சொல்வது?

மிச்ச நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடலாம். அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்று ரெண்டே கணக்கு. தூயமல்லியும் இன்னொரு பாரம்பரிய ரகமான கருப்புக் கவுனியும் அங்கே மற்ற நெல்லோடு ஒரே குவியலில்தான் விழும், ரசாயனம் போடாமல் விளைவித்ததற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடையாது. வெள்ள நிவாரணமும் அப்படித்தான், எக்டேருக்கு 17,000 ரூபாய், எந்த நெல்லாக இருந்தாலும் ஒரே தொகை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, மிச்ச விலையை அரசாங்கம் கட்டுகிறது, அதைப் போடுகிறவரிடம் பதிவேடு கேட்பதில்லை, பக்கத்து நிலத்து மருந்து வராமல் தடுக்க எல்லையோரம் அகத்தி நட்டாயா என்று கேட்பதில்லை, பக்கத்துக் கழனித் தண்ணீர் வந்ததா என்று கேட்பதில்லை. போடாதவர்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2023-ல் தமிழ்நாட்டுக்கு என்று தனியாக அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் சித்தப்பாவும் தன் பங்குக் காணியை எங்களோடு சேர்த்தார். இப்போது அவர் வாயைத் திறப்பதில்லை, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். யூரியா விலை உங்கள் கையில் இல்லை, கொள்முதல் விலையும் இல்லை. எங்கள் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது.

சலுகை எதுவும் கேட்கவில்லை. வெள்ளம் வந்தது என்பதற்காகச் சோதனையிலிருந்து விட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. ஆற்றுப்பக்கத்திலும் மேட்டுப்பக்கத்திலும் தனித்தனியாக மண் எடுங்கள். வீட்டில் அடுக்கியிருக்கும் எந்த மூட்டையையும் நீங்களே பிரித்து நெல் எடுங்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் வந்து எடுத்தாலும் சம்மதம். சோதனைக் கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம். முடிவில் விஷம் இருக்கிறது என்று வந்தால் முதலாம் ஆண்டு என்ன, எந்த ஆண்டிலிருந்து தொடங்கச் சொன்னாலும் தொடங்குகிறோம், மறுபேச்சு கிடையாது. இல்லை என்று வந்தால் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்து சான்றைக் கொடுங்கள்.

எங்களை மாதிரி பெண்ணையாற்றங்கரையில் இன்னும் சில குடும்பங்களுக்கும் இதே ஒற்றை வரிக் கடிதம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் மண்ணையும் எடுத்துச் சோதித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

ஆடிப்பட்டத்துக்குள் தெரிந்தால்தான் அடுத்த சம்பாவுக்கு எத்தனை காணியில் தூயமல்லி, எத்தனையில் கவுனி என்று நாங்கள் முடிவெடுக்க முடியும். சோதனை முடியும் வரைக்கும் உங்கள் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஆய்வாளர் வரும் தேதியை மட்டும் தெரியப்படுத்தும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெண்ணையாற்றங்கரை விவசாயக் குடும்பத்துப் பெண்