டை வளைவுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்கத்திய இசைக்குறிப்புகளை அச்சுக்கோக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் சுரங்களின் கால அளவை வைத்தே இடைவெளியைக் கணக்கிடுவதால், ஒரே சுரத்தின் இரு குறிகளை இணைத்து அதை நீட்டிக்கும் ‘டை’ வளைவு நெருக்கமான இடங்களில் வெறும் கீற்றாகச் சுருங்கிவிடுகிறது. முதல் சுரத்தை ஒட்டி, அதன் கால அளவைக் கூட்டும் நீட்டல் புள்ளியும் இருந்துவிட்டால் வளைவு கண்ணில் படுவதே அரிது; வாசிப்பவர் சுரத்தை நீட்டாமல் மறுபடி ஒலிக்கிறார். இது அழகுக்குறை மட்டுமன்று, இசையே பிழையாகிறது.

லிலிபாண்ட் என்ற இசை அச்சுக்கோப்பு மென்பொருளில் ‘மினிமம் லெங்த்’ என்ற பண்பின் மூலம், சுரங்கள் எழுதப்படும் ஐந்து கோடுகளில் (ஸ்டாஃப்) அடுத்தடுத்த இரு கோடுகளின் இடைவெளியை அலகாகக் கொண்டு, வளைவின் குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயிக்கலாம். வரி முறிந்தபின் அடுத்த வரியின் தொடக்கத்தில் எஞ்சும் துண்டுக்கும் தனி அளவு உண்டு. பக்கம் சற்றுக் கூடினாலும் பாதகமில்லை. வளைவின் முனைகளைக் கையால் இழுப்பதால் சுரங்கள் விலகிவிடாது என்பதால், பதிப்பாளர்கள் இந்த அளவைத் தொடக்கத்திலேயே அமைத்துவிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்