மலைக்கு வாங்கும் வண்டி: இறக்கத்தைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடான பாதைகளுக்கான சிறிய எஸ்.யு.வி. வண்டிகளைப் பற்றி அண்மையில் தங்கள் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறவன் நான். பழைய டீசல் ஜீப் ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டு, இப்போது மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வைத்திருக்கிறேன். கட்டுரையில் தொடுதிரைக்கும் குதிரைத்திறனுக்கும் கிடைத்த இடத்தில் கால்பங்காவது, கியர் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு சக்கரம் இழுப்பதா நாலும் இழுப்பதா என்று மாற்றும் அந்த இரண்டாவது குட்டைக் கம்பிக்குக் கிடைத்திருந்தால் எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்குப் பயன்பட்டிருக்கும். நான் வண்டி எடுத்த இடத்திலும் திரையை விளக்க அரை மணி நேரமும் இந்தக் கம்பியை விளக்க ஒரு நிமிடமுமே செலவிட்டார்கள்.

ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குச் சொல்லப்படும் ஏறத்தாழ 103 குதிரைத்திறனும் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் சமவெளிக் கணக்கு. டர்போ இல்லாத எஞ்சின் என்பதால், 1,900 மீட்டர் உயரத்தை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரின் மெலிந்த காற்றில் அதன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வத்தலக்குண்டில் துள்ளிய வண்டி பெருமாள்மலையைத் தாண்டியதும் இளைப்பதைப் பார்த்து, ஏதோ பழுது என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் உண்டு. இந்த இழப்பை ஈடுகட்டுவதுதான் அந்தக் குட்டைக் கம்பி. வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, அதை 'ஃபோர் லோ'வில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் நிலையில் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறத்தாழ இரு மடங்காகிறது, வேகம் பாதியாகிறது.

சென்ற ஐப்பசி மழையில் தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதையில், பின்பக்க இடது சக்கரம் ஓடைக்கால்வாயின் மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது. பழைய ஜீப்பாக இருந்தால், இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் இருக்கிற விசையையெல்லாம் அந்தரத்துச் சக்கரத்துக்கே கொடுத்து அதை வீணாகச் சுழற்றியிருக்கும். நாங்கள் கல்லும் சாக்கும் தேடியிருப்போம். இதில் அந்தச் சக்கரம் மட்டும் தானாகப் பிரேக் பிடித்து நின்றது. அந்தப் பிரேக் வேலை செய்வதால் அடியில் 'டக்டக்' என்று சத்தம் கேட்டதும், பக்கத்தில் இருந்த என் தம்பி மகன், "பெரியப்பா, ஏதோ உடைஞ்சிருச்சு, நிறுத்துங்க" என்றான். நிறுத்தியிருந்தால் அங்கேயே கிடந்திருப்போம். ஆக்சிலேட்டரில் காலை அசைக்காமல் வைத்திருந்ததால் விசை எதிர்ச்சக்கரத்துக்குப் போய், அது களிமண்ணைக் கவ்வி வண்டியை வெளியே எடுத்தது. சத்தம் கேட்டால் காலைத் தூக்குவது ஓட்டுநர்களுக்குக் கைவந்த பழக்கம், ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு அது ஆகாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம் என்பதையும் சற்று விளக்கியிருக்கலாம். முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில் கொண்ட வண்டி என்பதால் இதில் முதலில் கல் தட்டுவது அதில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் உருளை, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கல்லை மறுபக்கம் விட்டு ஓட்ட வேண்டும். முன்பக்கம் 36 டிகிரி மேட்டையும் மூக்கு இடிக்காமல் தொட்டுவிடலாம். நடு வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணமோ 24 டிகிரிதான். வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு வண்டியைவிட நம் ஊர் வண்டியில் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 340 மில்லிமீட்டர் கூடுதல். பின் இருக்கைக்காரர்களின் வசதிக்கு வயிறு கொடுக்கும் விலை அது.

இனி இறக்கம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி நாலு சக்கரத்திலும் நன்றாக நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லாக் கார்களுக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது, இழுவை கூடுவதால் பிரேக் கூடுவதில்லை. ஈர மண் சரிவில் ஃபோர் லோவும் முதல் கியரும் போட்டு, பெடலில் கால் வைக்காமல் விட்டால், எஞ்சினே வண்டியை நடை வேகத்தில் பிடித்து இறக்கும். ஆனால் இதையே காய்ந்த தார்ச் சாலையில் செய்யக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். முன், பின் ஆக்சில்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத இவ்வகை வண்டியில் ஃபோர் வீல் (நாலு சக்கர இழுவை) போட்டிருந்தால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் ஸ்டியரிங் முறுக்கும், டயர் தேயும், கியர் பெட்டி திணறும். 'மலைச் சாலைதானே' என்று வத்தலக்குண்டிலிருந்தே ஃபோர் வீலில் ஏறி வந்த ஒரு சுற்றுலாப் பயணிக்கு நானே கம்பியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தார்ச் சாலையில் இறங்கும்போது டூ வீலில் (இரு சக்கர இழுவையில்) வைத்து இரண்டாவது கியரில் வருவதே சரி. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் அதற்கென 2, எல் என்ற நிலைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடாமல் டி-யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்து, லைனிங் தீயும் நாற்றத்தோடு சாலையோரம் நிற்கும் வண்டிகளை விடுமுறை நாள்களில் இங்கு பார்க்கலாம்.

அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிம்னி 1,645 மில்லிமீட்டர், மகிந்திராவின் மூன்று கதவு 'தார்' வண்டி 1,820. ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இந்த வித்தியாசம் அடுக்கம் சாலையில் எதிரே காய்கறி வேன் வரும்போதுதான் தெரியும். தாரின் டீசல் எஞ்சினுக்கு இருக்கும் இழுவை ஜிம்னிக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர்தான் உட்காரலாம். இருக்கைகளை மடிக்காவிட்டால் 208 லிட்டர் டிக்கியில் பூண்டு மூட்டை வைப்பது சிரமம்.

அடுத்த முறை இவ்வகை வண்டியைச் சோதித்து எழுதும் தங்கள் செய்தியாளர், நெடுஞ்சாலையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஐப்பசியில் ஒருநாள் மன்னவனூர்ப் பக்கம் வந்து, நாலு பேரோடு ஒரு தோட்டப் பாதையில் ஏறி, அதே பாதையில் இறங்கிப் பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூம்பாறை வாசகர் ஒருவர்,
கொடைக்கானல் வட்டம்