பிடுங்குவதற்கு முந்தின ஐந்து நிமிடம்

நங்கநல்லூர், சென்னை
ஞாயிறு இரவு

அன்புக் கண்ணம்மா,

போனைப் பிடுங்கப் போய் உன் வகுப்புப் பையனின் பல் கையில் பட்டதே, அந்த இடம் ஆறிவிட்டதா? தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்டி டி.டி. ஊசி போட்டுக்கொள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. மத்தியானம் நீ போனில் அழுதபோது எனக்கு வார்த்தையே வரவில்லை. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "மதுரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கிளம்பி வரச் சொல்லு" என்றார். அவர் கண்ணுக்கு மகளின் கை மட்டும் தெரிந்தது. எனக்கு அந்தப் பையனும் தெரிந்தான். அதனால்தான் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"40 நிமிஷ பீரியட்ல பாதி, போனையும் டேப்லெட்டையும் பிடுங்குறதுலயே போயிடுதும்மா. நான் டீச்சரா, போலீஸா?" என்று கேட்டாயே, அது இன்னும் காதிலேயே நிற்கிறது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இதே வேலையை 27 வருடம் பார்த்தவளாகச் சொல்கிறேன். பிடுங்குவதை நாளையிலிருந்து விட்டுவிடு. அதற்கு முந்தின ஐந்து நிமிடத்தில் வகுப்பில் என்ன நடந்தது என்று பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1996இல் எந்தப் பிள்ளையிடமும் போன் கிடையாது. அதற்காக எல்லோரும் பாடத்தைக் கவனித்தார்கள் என்று நினைக்காதே. ஒருவன் நாள் முழுக்க மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒருத்தி பாவாடை ஓரத்து நூலைப் பிரித்துப் பிரித்து ஒரே மாதத்தில் ஒரு சாண் பாவாடையைக் காலி செய்தாள். போன் அந்த இடத்துக்குத்தான் வந்து உட்கார்ந்தது. ஆனால் மின்விசிறியைவிட அதன் பிடி பல மடங்கு இறுக்கம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே பாட்டை, ஒரே இடத்திலிருந்து, நூறு தடவை திரும்பப் போடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பார். யார் எப்போது தொடுவார்கள், எப்போது சத்தம் வரும், எப்போது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று எதுவுமே தெரியாத நாளில், அடுத்து என்ன வரும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான்.

என் வகுப்பிலும் ஒரு வருடம் இதே ரகளை. அப்போது ஒரு வாரம் நோட்டும் கைக்கடிகாரமுமாக இருந்தேன். யார் எப்போது போனை எடுக்கிறார்கள் என்று எழுதினேன், அவ்வளவுதான், தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டினால், பாடம் நடக்கும்போது எடுத்தது கொஞ்சம்தான். ஒரு பிள்ளையைச் சக்கர நாற்காலியிலிருந்து இறக்கும்போது, ஆயா ஒருத்தியை பாத்ரூமுக்குக் கூட்டிப்போகும்போது, நான் ஒருவனோடு உட்கார்ந்து எழுத்து சொல்லிக்கொடுக்க மற்ற ஏழு பேரும் சும்மா இருக்கும்போது, அப்போதெல்லாம்தான் வெளியே வந்திருக்கிறது. எட்டுப் பிள்ளைக்கும் எட்டு ஐஈபி, அவரவருக்கென்று தனித்தனிப் பாடத்திட்டம். ஒருவனுக்கு நாம் கொடுக்கும் ஐந்து நிமிடம் மற்ற ஏழு பேருக்கும் காத்திருப்பு. பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தால் நாமே என்ன செய்கிறோம்? அதுவும் நமக்கு எவ்வளவு நேரம் என்று ஓரளவு தெரியும். ஏடிஎச்டி உள்ள, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைக்கு ஐந்து நிமிடமும் அரை மணி நேரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். (சாதாரணப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் உள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பெஷல் டீச்சர் என்று 2022இல் மத்திய அரசு கணக்கு வைத்தது, அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. எனக்குப் பத்தே அதிகம் என்றுதான் படுகிறது.)

சரி, அந்தக் காத்திருப்பை என்ன செய்வது? நீ பி.எட்.டில் டீச் முறை என்று படித்திருப்பாய், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பார்த்தாலே புரியும்படி வேலையை அடுக்கித்தருவது, அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1970களில் எரிக் ஷாப்ளர் என்ற உளவியலாளர் ஆரம்பித்தது. நான் அதை ரங்கநாதன் தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் கூடைகளை வைத்துத்தான் செய்தேன். ஒவ்வொரு மேஜையிலும் இடது பக்கம் மூன்று சின்னக் கூடை, வலது பக்கம் ஒரு பெரிய கூடை. சின்னக் கூடையில் அவனால் தனியாகச் செய்ய முடிந்த வேலை மட்டும்தான் இருக்கும். அட்டையில் துணி கிளிப் மாட்டுவது, பட்டாணியையும் மொச்சையையும் பிரிப்பது, பாட்டிலுக்குச் சரியான மூடி தேடுவது, இப்படி. முடித்ததை வலது கூடையில் போட வேண்டும். இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது என்று நீ வாயைத் திறக்காமலேயே அவனுக்குத் தெரியும். புது வேலையை அதில் வைத்துவிடாதே. தெரியாத வேலை கூடையில் இருந்தால் அதுவும் இன்னொரு காத்திருப்புதான், நீ வந்து சொல்லித்தரும் வரை.

ரயில் பையன் ஞாபகம் இருக்கிறானா? நீ பிளஸ் டூ படிக்கும்போது தினமும் அவன் கதைதான் நம் வீட்டில். 11 வயது, பேச்சு மிகக் குறைவு. அவன் அம்மாவின் பழைய போனில் மின்சார ரயில் வீடியோ மட்டும்தான் பார்ப்பான். வாங்கினால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். நான் தினமும் பழவந்தாங்கலில் ரயில் ஏறுகிறவள். ஒருநாள் பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் தோன்றியது, இவனுக்குத் தெரிந்த கடிகாரம் இதுதானே என்று. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை 18 ஸ்டேஷன். பெயர்களை அட்டையில் எழுதி, பின்னால் வெல்க்ரோ ஒட்டினேன். முதல் வாரம் நாலே ஸ்டேஷன்: எழும்பூர், பார்க், கோட்டை, கடற்கரை. ஒரு வேலை முடிந்தால் அட்டை ரயில் ஒரு ஸ்டேஷன் நகரும். கடற்கரை வந்தால் போன். அதுவரை போன் இருப்பது ஷூ டப்பாவில். அந்த டப்பாவுக்கு "ஷெட்" என்று பெயர், உள்ளே வைப்பதும் அவன்தான். முதல் நாள் டப்பா மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மூடியைத் தொடவில்லை, ரயிலைப் பார்த்தான்.

ஐந்தாறு மாதத்தில் சைதாப்பேட்டையிலிருந்து கிளம்பும் அளவுக்கு வந்துவிட்டோம், அதாவது ஒன்பது ஸ்டேஷன். ஒருநாள் நேரமாகிவிட்டது என்று சேத்துப்பட்டை விட்டுவிட்டு ரயிலை எழும்பூருக்கு நகர்த்திவிட்டேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, ரயிலோடு சேர்த்து என் கையைச் சேத்துப்பட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனான். அவனுக்கு அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

உன் பையனுக்கு ரயில் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. அவன் போனில் என்ன பார்க்கிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பார். அதை வைத்துத்தான் அட்டை செய்ய வேண்டும். அதுவரை "முதலில் - அப்புறம்" அட்டை ஒன்று போதும். முதலில் இந்த வேலை, அப்புறம் அந்த வீடியோ, இரண்டே படம். பிரிமாக் கொள்கை என்று பரீட்சையில் எழுதியிருப்பாய். சின்ன வயதில் "பருப்பு சாதத்தை முடிச்சா அப்பளம்" என்று உனக்கு நான் சொன்னதுதான் அது. ஆனால் சொன்ன அப்பளம் வந்தாக வேண்டும். ஒரே ஒருநாள் நேரமில்லை என்று ஏமாற்றினாலும் அந்த அட்டையை அப்புறம் அவன் நம்ப மாட்டான்.

கொடுப்பது சுலபம், திரும்ப வாங்கும்போதுதான் பல் படும். உனக்கும் அப்படித்தானே நடந்தது? பாதிப் பாட்டில் கையை நீட்டியிருப்பாய். ஓடிக்கொண்டே இருக்கும் யூடியூப் வேண்டாம், அதில் ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். நாலு நிமிடத்தில் தானாக முடியும் ஒரு வீடியோவை டவுன்லோடு செய்து, நெட்டை அணைத்துவிட்டுக் கொடு. வீடியோ தானே முடிந்து திரை நின்றுவிட்டால், அவன் கோபப்பட எதிரில் ஆள் இல்லை. நேரம் குறைவதைக் கண்ணுக்குக் காட்டும் டைமரைப் பக்கத்தில் வை, மணல் கடிகாரமும் போதும். மணி அடிக்கும் டைமர் வேண்டாம், சத்தம் ஆகாத பிள்ளைக்கு அந்த மணியே அடி விழுந்ததுபோல இருக்கும்.

உங்கள் பள்ளி டேபுகள் ஆண்ட்ராய்டுதானே? செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்று இருக்கும். அதைப் போட்டு ஒரு செயலியைப் பின் செய்துவிட்டால் அதை விட்டுச் சுலபமாக வெளியே போக முடியாது, வெளியே வர பாஸ்வேர்டு கேட்கும்படியும் வைக்கலாம். ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', அதில் திரையின் ஒரு பகுதியை மட்டும் தொட முடியாதபடி அடைத்துவைக்கலாம். பத்து நிமிட வேலை, காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் செய்துவிடு.

இனி எழுதுவதை நிதானமாகப் படி, கண்ணு. இதை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை.

ஒரு வருடம் வகுப்பில் ஒரு விதி போட்டேன். காலை ஒன்பதரைக்கு எல்லா போனும் டேபும் அலமாரிக்குள். அப்போது மூளை முடக்குவாதம் உள்ள 9 வயதுக் குழந்தை ஒருத்தி இருந்தாள். வாய்ப்பேச்சு வராது. பேசும் செயலி போட்ட டேப் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, படத்தைத் தொட்டால் அது வார்த்தையைச் சொல்லும். அன்றைக்கு அவள் "வீடு", "வீடு", "வீடு" என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா என்றும் நினைத்தேன். டேபை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. அரை மணி நேரம் கழித்து அவள் பக்கம் போனால், சக்கர நாற்காலியின் வெறும் தட்டில் இடது கையின் முட்டியால் ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். மேல் வரிசை, வலது ஓரம். டேபில் "வீடு" இருந்த இடம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், கொதித்தது.

அன்றிலிருந்து பேசும் டேபை நான் வகுப்பு டேபோடு சேர்த்ததில்லை. அதற்குச் சிவப்பு உறை. அதில் விளையாட்டு, யூடியூப் எதுவும் கிடையாது, பேச்சு மட்டும்தான். யார் என்ன தப்புச் செய்தாலும் சிவப்பு உறையை எடுக்கக் கூடாது என்று ஆயாவிடமும் சொல்லிவைத்தேன். "மிஸ் மிஸ் மிஸ்" என்று இருபது தடவை அழுத்துகிறாள் என்றால் அழுத்தட்டும். ஒரு வயதுக் குழந்தை "த்தா த்தா" என்று நாளெல்லாம் சொல்வதைத் தொந்தரவு என்று யாரும் வாயைப் பொத்துவதில்லையே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே, பேச்சுக்கு மாற்றான வழிகளைப் பள்ளியில் வளர்க்க வேண்டும் என்கிறது. ஆவாஸ் மாதிரியான பேசும் செயலி நம் சென்னையிலேயே உருவாகியிருக்கிறது. உன் எட்டுப் பேரில் யாருக்காவது டேப்தான் வாய் என்றால், அதை நாளைக் காலை முதல் வேலையாகத் தனியே எடுத்துவை. பார்வையில்லாத பிள்ளை போனில் காதால் வாசிப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

உன் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு போட்டோ போட வேண்டும் என்று தினமும் நாலு தடவை எடுக்கிறாய் என்று நீயே சொன்னாய். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எட்டு ஜோடிக் கண்ணும் உன் கையைப் பார்க்கும். போட்டோவை மத்தியானம் ஒரே தடவை எடு. அம்மாக்களிடம் சொன்னால் கேட்பார்கள்.

அந்த அம்மாக்களை மட்டும் குறை சொல்லாதே. 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது நாங்கள்தான் போனில் வகுப்பு எடுத்தோம், தெரபியும் போனில்தான். "போனைப் பிள்ளை முன்னால் பிடிங்கம்மா" என்று சொன்னதே நாங்கள்தான். ஒரு கையில் போனும் ஒரு கையில் பிள்ளையுமாக அவர்கள் பட்டது எனக்குத் தெரியும். இன்றைக்கு வீட்டில் சமையல் முடியும் வரை பிள்ளை கையில் போன் இருக்கிறதென்றால், வேறு யாரும் அங்கே உதவிக்கு இல்லை என்று அர்த்தம். ராத்திரி சிவப்பு உறை டேபுக்குச் சார்ஜ் போடுங்கள் என்று மட்டும் கேள். அதைச் செய்தாலே பெரிய உதவி.

நாளைக்கு அந்தப் பையன் வந்ததும் காயத்தைக் காட்டாதே, அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். எப்போதும்போல வணக்கம் சொல்லி உட்காரவை.

என் பழைய டைமரும், ஒரு சுருள் வெல்க்ரோவும், கூடை பன்னிரண்டும் அட்டைப் பெட்டியில் கட்டிவைத்திருக்கிறேன். அப்பா நாளை ராத்திரி பஸ் பார்சலில் போட்டுவிடுவார். இவ்வளவு நேரம் முணுமுணுத்துவிட்டு டைமருக்கு பேட்டரி வாங்கி வந்ததும் அவர்தான். ரயில் அட்டைகளையும் அடியில் வைத்திருக்கிறேன், சேத்துப்பட்டு அட்டை மட்டும் ஓரம் மடங்கியிருக்கும். நோட்டில் ஒரு வாரம் எழுதிவிட்டு சனிக்கிழமை கூப்பிடு. பையன் என்ன வீடியோ பார்க்கிறான் என்று அன்றைக்குச் சொல், இரண்டு பேருமாக அட்டை வெட்டலாம்.

அன்புடன்,
அம்மா